வீரம்மா சுத்தம் செய்த மேடு

ஒரு புல் தலை தூக்கினால் வீரம்மாவின் கை சும்மா இருக்காது. பன்னிரண்டு வயதில் ரப்பர் தோட்டத்துப் புல்வெட்டுக் கும்பலில் பேர் பதிந்தவள். பழைய மரத்தை வெட்டிப் புதுக்கன்று வைக்கும் மறுநடவே காணாத பழைய தோட்டம் அது. நிரையில் கொஞ்சம் பச்சை தெரிந்தாலும் கங்காணி அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலியோடு அனுப்பிவிடுவார். முப்பது வருஷத்தில் அவளுக்கு அரைப்பேர் விழுந்தது ஒரே நாள். அன்று அவளுக்குக் காய்ச்சல்.

அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவளும் புருஷன் சன்னாசியும் லகாட் பக்கம் நாலு ஏக்கர் வாங்கினார்கள். பாதி சரிவு. கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டி இளங்கன்று நட்டதற்கு அரசாங்க மானியம் தவணை தவணையாக வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் அதிகாரி வந்து நிலத்தைப் பார்ப்பார். எழுபத்தெட்டில் மூன்றாம் தவணை வர வேண்டும். வராவிட்டால் உரமில்லை, கன்று தேறாது. இந்த மண்மேல் கண் வைத்திருக்கும் பக்கத்து நிலத்துச் சீன முதலாளி தவுக்கேவுக்கே விற்க வேண்டியதுதான்.

மகள் பிரசவத்துக்குத் தெலுக் இந்தான் போன வீரம்மா நாலு மாதம் கழித்துத் திரும்பியபோது, மேட்டுக் கன்றுகளுக்கிடையே முழங்கால் உயரம் கொடி மண்டிக் கிடந்தது. மூன்று நாளில் அதிகாரி வருகிறார். சன்னாசியோ விடியுமுன் லாரி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவன். அவனிடம் கேட்கத் தோன்றவில்லை. மண்வெட்டியை எடுத்தாள்.

அதிகாரி வரும் நாள் காலை, லீவு போட்டுவிட்டு மேடேறிய சன்னாசி அப்படியே நின்றுவிட்டான். ஒரு ஏக்கர், வழித்தெடுத்த மாதிரி சிவந்து கிடந்தது.

"என்னாடி செஞ்சி வச்சிருக்க?"

"ஆபீசர் வாராருல்ல. பொதர் மாதிரி கெடந்துச்சி, மானம் போவுது."

"அது புல்லு இல்லடி. ஆபீஸ்ல குடுத்த வெத, நீ மக வீட்டுல இருந்தப்ப நான் வெதச்சது. மண்ணு கரைஞ்சி சுங்கை ஆத்துக்குப் போவாம புடிச்சி வைக்கிற கொடி. அதப் பாக்கத்தான் அந்தாளே வாரான்."

வீரம்மா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"நீ கேட்டியா?"

சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓரத்தில் குவித்த கொடிகளை வீரம்மா புரட்டினாள். கணுக்களில் வெள்ளை வேர் இன்னும் ஈரமாக இருந்தது. வாரிக்கொண்டு வந்து ஒவ்வொரு கணுவாக மண்ணில் புதைக்கத் தொடங்கினாள்.

"வாடுனத நட்டு யார ஏமாத்தப் போற?"

"ஏமாத்த இல்ல. மொளைக்க."

கீழே மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. "பக்கத்து ஆடு மேஞ்சிருச்சின்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத," என்றான் சன்னாசி.

அதிகாரி ஸ்டானிஸ்லாஸ் இளவயதுக்காரர். வெறும் மண்ணைப் பார்த்தார். "இங்க என்னா ஆச்சி, அண்ணே?"

"ஆடுங்க..."

அவர் குனிந்து ஒரு குழியைத் தொட்டார். "வேரோடயா திங்கும்?"

"ஆடு இல்லய்யா," என்றாள் வீரம்மா. "நான்தான். புல்லுன்னு நெனச்சிட்டேன்."

"ஒத்த ஆளா? மூணு நாள்லயா?"

"ரெண்டர நாளு."

அவர் வாயோரம் சிரிப்பு வந்து போனது. பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "இப்ப கையெழுத்துப் போட முடியாதுக்கா. மூணு மாசம் கழிச்சி வாரேன். அப்பவும் கொடி மூடலன்னா தவண இல்ல."

அவர் கிளம்புமுன்னே மழை பிடித்துக்கொண்டது. அவள் சுத்தம் செய்த இடத்திலிருந்து தண்ணீர் செக்கச் செவேலென்று இறங்கி ஓடியது. கொடி மிஞ்சியிருந்த கீழ்ச் சரிவில் அவ்வளவு சிவப்பில்லை. வீரம்மா நனைந்துகொண்டே பார்த்து நின்றாள்.

தவணை வரும்வரை உரம் வாங்கும் காசுக்காகப் பக்கத்துத் தோட்டத்தில் திரும்பவும் புல்வெட்டப் போனாள். பகலெல்லாம் அங்கே பிடுங்கினாள், சாயந்திரம் இங்கே நட்டாள்.

மூன்று மாதம் கழித்து வந்த ஸ்டானிஸ்லாஸ் கொடி மூடிய மேட்டில் கால் வைக்க இடம் தேடினார். கையெழுத்து விழுந்தது. அவர் போனதும் வீரம்மா வீட்டு வாசலில் குத்தவைத்து, அங்கே முளைத்திருந்த புல்லை ஒன்று விடாமல் பிடுங்கினாள்.