கால் சுற்றுத் திருகு

புருஷன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடிப்போனாளாம். யார் சொன்னது, அந்த எதிர்வீட்டுக்காரிதானே? அவளுக்குப் பிஸ்டனுக்கும் பாட்டிலுக்கும் வித்தியாசம் தெரியுமா? திருகாணி ஓடவும் இல்லை, எந்த மிஷினையும் கெடுக்கவும் இல்லை. நடந்தது வேறு.

திருகாணி என்பது தெரு வைத்த பேர். மருந்தடிக்கும் பம்போ தண்ணீர் மோட்டாரோ, எது மக்கர் பண்ணினாலும் அவளிடம்தான் வரும். காதைச் சாய்த்துக் கேட்பாள், ஒரு திருகைத் தொடுவாள், மிஷின் சொன்னபடி கேட்கும். அவள் புருஷன் மரம் அறுக்கிறவன். ஒருநாள் மூன்றடி நீளத் தகடு போட்ட பெரிய செயின் ரம்பம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். யாரோ ஓட்டித் தேய்த்தது. மரவாடியில் பலகை அறுக்கும் வேலை கிடைத்திருந்தது.

அவள் நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். விறைத்துப்போன பெட்ரோல் குழாயை மாற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். மரத்தைக் குறுக்கே துண்டு போடுவது ஒரு நிமிஷ வேலை. நீளவாக்கில் கிழித்துப் பலகை எடுப்பது அப்படியில்லை. பத்து நிமிஷம் மூச்சு விடாமல் முழு வேகத்தில் ஓடவேண்டும். பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் உள்ளே வழுவழுப்பு. அது குறைந்தால் பிஸ்டன் வெந்துவிடும். அதனால் கார்புரேட்டர் திருகை இளக்கி, கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோல் இறங்கும்படி வைத்தாள். சும்மா ஓட்டினால் கரகரவென்று திக்கும். மரத்தில் இறங்கியதும் தெளிந்துவிடும்.

"இந்தத் திக்கலை மட்டும் எடுத்துடாதீங்க. அதுதான் இதுக்கு உசிரு" என்றாள். திருகின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலுமாகச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். யார் தொட்டாலும் கோடு முறிந்துவிடும்.

மரவாடியில் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன மாப்ளே, மிஷின் இருமுது? வீட்டுக்காரி மருந்து கொடுக்கலையா?"

"பொம்பளை வச்ச மிஷின் பயந்துக்கிட்டுதான் பேசும்!"

அவனுக்கு முகம் செத்துவிட்டது. ஒதுங்கிப் போய் அந்தத் திருகை வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பி இறுக்கினான். மிஷின் வீலென்று கத்தியது. ஆட்கள் கைதட்டினார்கள். இரண்டு பலகை வெண்ணெயாக வந்தது. மூன்றாவது பாதியில் ஒரு கிறீச்சல், அவ்வளவுதான். தகடு மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் கல்லை இழுப்பது போல இருந்தது.

மரவாடிக்காரர் என்னப்பா என்று கேட்டதற்கு, "வீட்ல அவதாங்க செட் பண்ணா, எனக்கென்ன தெரியும்?" என்றான்.

பழி அவனுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்தது. பழுது பார்க்கக் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பம்பையும் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுக்காரி தன் தையல் மிஷின் மோட்டாரைக்கூட விட்டுவைக்கவில்லை.

திருகாணி சிலிண்டரைக் கழற்றினாள். புகை போகும் பக்கம் பிஸ்டன் முழுக்க நகத்தால் பிறாண்டியது போலக் கோடுகள். திருகின் மேலிருந்த சிவப்புக் கோடோ நேராக இல்லை.

"யார் திருப்பினது?"

அவன் சுவரைப் பார்த்தான். "நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"அதை மரவாடிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"எல்லார் முன்னாடியும் நான் முட்டாளாகணுமா?"

"நான் ஆயிட்டேனே."

நாளைக்குச் சொல்கிறேன் என்றான். அந்த நாளை வரவே இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளே மரவாடிக்குப் போனாள். மரவாடிக்காரர் நல்ல மனுஷர்தான். அவனைக் கூப்பிட்டு, "நீ தொட்டியாப்பா?" என்று நேராகவே கேட்டார். ஆட்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இல்லீங்க" என்றான்.

"போம்மா. வீட்ல ஆயிரம் வேலை இருக்கும், அதைப் பாரு" என்றார் அவர். அவள் பிஸ்டனைத் திரும்பத் துணியில் சுற்றினாள். முடிச்சுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு அவன் ஒரு பழைய சிலிண்டரும் பிஸ்டனும் தேடிக் கொண்டுவந்தான். "பூட்டிக் கொடு. நான்தான் பூட்டினேன்னு வெளியே சொல்லிக்கிறேன். உன் பேரு வந்தா வேலை தரமாட்டாங்க." அதையும் அவளுக்கு நல்லது செய்வது போலச் சொன்னான்.

பூட்டினாளே! திறந்து கிடக்கிற மிஷினை அப்படியே விட அவளுக்கு மனசு வராது. மறுநாள் காலையில் கயிற்றை இழுத்துக் கிளப்பி, திருகை அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். கரகரவென்று திக்கியது. இந்தமுறை நகப்பூச்சால் கோடு மட்டும் இழுக்கவில்லை.

அவன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வையேன். பசங்க மறுபடியும் சிரிப்பானுங்க."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு திருப்புளியை அவன் கையில் வைத்தாள்.

"நீங்களே திருப்பிக்குங்க."

குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். மாற்றுச்சேலை இரண்டைப் பைக்குள் திணித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்க, வாசலைத் தாண்டி நடந்தாள். அவள் தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் அந்த மிஷின் வீலென்று கத்தத் தொடங்கிவிட்டது. அவள் திரும்பவில்லை.