ஏழு மணிப் பூசைக்கு முப்பத்தொன்பது பேர்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் கோடை வந்தால் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கு பாதி காலியாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலையே காருக்குப் பின்னால் படகைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். போகாதவர் நார்பர்ட் ஸ்டென்செல். சீஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு ஏழு மணிப் பூசைக்கு வாசலில் நின்று ஆட்களை உட்கார வைப்பதும், பிரசங்கத்தின்போது தலைகளை எண்ணிச் சீட்டில் எழுதுவதும் முப்பது வருடமாக அவர் வேலை.

பூசை முடிந்ததும், நாங்கள் நன்மை என்று சொல்லும் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்தில் இருக்கும் மனைவி டெலோரிஸிடம் போவார். அவளுக்கு மறதி நோய். காலையில் அவரைத் தெரியும். யார் யார் வந்தார்கள் என்று கேட்பாள். இவர் வரிசை வரிசையாகச் சொல்வார். பத்து மணிக்கு மேல் அவளுக்கு அவர் யாரோ.

ஜூலையில் பங்குத்தந்தை அறிவித்தார்: ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று நாற்பது பேர் இல்லையென்றால் ஏழு மணிப் பூசை நின்றுவிடும். பத்தரை மணிப் பூசை மட்டும்தான்.

நார்பர்ட் வீடு வீடாகப் போனார். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். என்னிடமும் வந்தார்.

“ஏம்மா டாரா, உலகத்துல இருக்கிற கோயிலையெல்லாம் போட்டோ புடிச்சியாமே. நம்ம கோயிலுக்கு வழி ஞாபகம் இருக்கா?”

“கண்டிப்பா வர்றேங்க.”

“ஏழுன்னா காலையில ஏழு. உன் கணக்குல அது நடுராத்திரி.”

அந்தக் கடைசி ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை தோழிகள் ஏரிக்கு அழைத்தார்கள். விடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று போனேன். கண்விழித்தபோது மணி ஒன்பது.

திங்கட்கிழமை சோளக்கதிர்களோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

“முப்பத்தொன்பது” என்றார், கதிரை உரித்தபடி.

“உங்களையும் சேர்த்தா?”

“வாசல்ல நிக்கிறவனை எண்ணுற வழக்கமில்லயே. நான் வேலையில இருக்கேன்ல?”

“ஒரே ஒரு தடவை எண்ணியிருக்கலாமே!”

“முப்பது வருஷமா எண்ணாதவன் அன்னிக்கு மட்டும் எண்ணினா, அதுக்கு வேற பேருடா கண்ணு.”

“நான் வந்திருந்தா...”

“முந்நூறு குடும்பம் இருக்கு. நீ ஒருத்தியே மொத்தத்தையும் தூக்கிச் சுமக்காத.” என் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமையும் எட்டு மணிக்கே போய் டெலோரிஸ் அம்மாவைப் பாத்துட்டு வாங்களேன்.”

“நன்மை இல்லாமயா? பூசை பாக்காம வந்தேன்னு தெரிஞ்சா வாசலோட தொரத்திடுவா.”

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பத்தரை மணிப் பூசை முடிந்து நான்தான் அவரைக் காரில் கூட்டிப்போனேன். டெலோரிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தாள்.

“யாரைப் பாக்கணுங்க?”

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். “டெலோரிஸ் அம்மாவைப் பாக்க வந்தேன். கோயில்லேர்ந்து.”

“உட்காருங்க. எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துடுவாரு” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். காரில் இருப்பதாகச் சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.