ஜீப்புக்குப் பின்னாடி கட்டின ஊடு

ஜீப்புக்குப் பின்னாடி ஒரு ஊட்டைக் கட்டி இழுத்துக்கினு போறது, அதுதான் என் உத்தியோகம். கடம்பத்தூர்ல சொந்தக்காரங்க கிட்ட சொன்னா, "அஸ்திவாரத்தோடவா இழுக்கிறே?"ன்னு நக்கல் பண்ணுவாங்க. நெசமாவே ஊடுதான். ரெண்டு சக்கரத்து மேல தகரக் கூரை, உள்ள மடக்குக் கட்டில் ரெண்டு, ஸ்டவ் வைக்க ஒரு பலகை, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. அந்தத் திரைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல. ஆபீஸ்ல அதுக்கு டிரைலர்னு பேரு. நான் வெச்ச பேருங்களை இங்க எழுத முடியாது.

அறுபதுகளோட கடைசி அது. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க வரப்போகுது, பூமிக்குக் கீழ தண்ணி எங்க இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கன்னு ஒரு சர்வே. ஆபீசர் ஒருத்தர், போர் போடுற ஆளுங்க கொஞ்சம் பேரு, டிரைவர் நான். ரோடு இல்லாத எடமாப் பாத்துத்தான் கேம்பு போடச் சொல்வாங்க. ரோட்டோரம் பூமிக்குக் கீழ தண்ணியே இருக்காதா சார்னு ஒரு தபா கேட்டேன். ஆபீசர் சிரிச்சாரு. ரொம்ப நல்ல மனுஷன். கோவப்படவே தெரியாது. எனக்கு அதுவே பெரிய பேஜாரு, ஏன்னா நான் மட்டும் தனியா எவ்வளவு நேரம்தான் கோவப்படறது.

டிரைலர் முன்னாடி போற வரைக்கும் பசு மாடாட்டம் பின்னாலயே வரும். பின்னாடி எடுக்கணும்னாதான் அதோட புத்தி தெரியும். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிச்சா அது வலது பக்கம் போவும். கொஞ்சம் அதிகமா ஒடிச்சுட்டா ஜீப்பும் டிரைலரும் ஒண்ணையொண்ணு முட்டிக்கினு நிக்கும். ஒரு தபா ஏரிக்கரை மேல அப்படி நின்னுபோச்சு. இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் பள்ளம், திரும்ப எடம் இல்ல. தள்ளிவுட ஆளு வர்ற வரைக்கும் ஆபீசர் டிரைலர்ல படுத்துக்கினு புஸ்தகம் படிச்சாரு. நான் கரை மேல உக்காந்துக்கினு அவரையும் வண்டியையும் மாறி மாறி முறைச்சுக்கினு இருந்தேன்.

இப்ப நான் சொல்ல வந்தது பழவேற்காட்டு ஏரி ஓரம் இருந்த ஒரு குப்பத்தைப் பத்தி. சித்திரை மாசம். பெரிய ரோட்டை வுட்டு எறங்கினா சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினா வெறும் மணல். டயர்ல பாதிக் காத்தை எறக்கிட்டு மெதுவா ஊர்ந்து போனேன். ஜீப் தப்பிச்சுது. டிரைலர்ல பம்பு இஞ்சினும் இருந்துச்சா, கனம் தாங்காம அச்சு வரைக்கும் மணல்ல எறங்கிடுச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழ போவுது.

குப்பத்து ஜனம் அப்படியே தெரண்டு வந்துச்சு. படகைக் கரையேத்துற பனங்கட்டைங்களைக் கொண்டாந்து சக்கரத்துக்கு அடியில போட்டு, கயித்தைக் கட்டி, படகு இழுக்கிற மாதிரியே பாட்டுப் பாடி இழுத்தாங்க. ஆம்பளைங்களுக்கு மேல பொம்பளைங்க இழுத்தாங்க. அதுல ஒரு அக்கா, நடு வயசு இருக்கும், எல்லாரையும் ஏசி ஏசி வேலை வாங்கிக்கினு இருந்துச்சு. குப்பத்தாண்ட வந்ததும் மொத வேலையா ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. எளநி கெட்டுது, அப்படி ஒரு தண்ணி. குப்பத்துக்குப் பின்னாடி மணல்ல ஒரு ஊத்து. கையால பள்ளம் பறிச்சு, சுத்தி பனமட்டை நட்டு வச்சிருந்தாங்க. குப்பம் பூராவுக்கும் அது ஒண்ணுதான்.

"எம் புள்ளைக்குப் பொண்ணு பாத்திருக்குது நைனா"ன்னு அந்த அக்கா நான் கேக்காமலே சொல்லுச்சு. "அவங்க ஊர்ல கெணறு எல்லாம் உப்பு. அந்தப் பொண்ணு சின்ன வயசுலேர்ந்து எங்கியோ போய்க் கொடம் தூக்கிக்கினு வருது. பொண்ணோட அப்பா வேற ஒண்ணும் கேக்கல. ஊட்டாண்ட நல்ல தண்ணி இருக்குதா, அது மட்டும் சொல்லுன்னாரு. இருக்குதுன்னேன். ஒரு நாள் வந்து குடிச்சுப் பாத்துட்டு சொல்றேன்னு இருக்காரு."

அந்தப் பக்கம் பொண்ணு குடுக்க வர்றவங்க அப்படித்தான். ஊட்டைப் பாக்கிறதுக்கு முன்னாடி ஒரு சொம்புத் தண்ணி கேப்பாங்க. குடிச்சு முடிச்சு சொம்பைக் கீழ வைக்கிற தினுசுலயே பதில் தெரிஞ்சுடும்.

ஆபீசர் போர் போட நெனைச்ச எடம் இன்னும் வடக்கால இருந்துச்சு. அவ்வளவு தூரம் டிரைலரை இழுக்க முடியாது சார், அச்சு ஒடிஞ்சுடும்னு நான் சொன்னேன். அது உண்மை. எங்க சர்வேயில எப்பவும் அதான் வழக்கம், டிரைலர் எங்க நிக்குதோ அங்க கேம்பு, கேம்பாண்டயே போர். குப்பத்து ஜனமும் ஊத்து பக்கத்துலயே போடுங்கன்னு புடிவாதம் புடிச்சாங்க. மேலயே இவ்வளவு நல்ல தண்ணின்னா கீழ எவ்வளவு இருக்கும்னு அவங்க கணக்கு. எங்க கணக்கும் அதேதான்.

போர் போட்டு பம்பை ஓட்டினதும் தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அன்னிக்கு அந்தக் குப்பம் இருந்த இருப்பை நீங்க பாத்திருக்கணும். அண்டா, குண்டான், மீன் கூடை தவிர எல்லாத்துலயும் ரொப்பினாங்க. கெழவனுங்க எல்லாம் பைப்புக்குக் கீழ உக்காந்துக்கினு எழுந்திருக்க மாட்டேன்னாங்க. அந்த அக்கா தலைக்குக் குளிச்சுட்டு ஈரத் தலையோட வந்து, "நீ மவராசனா இருக்கணும் நைனா"ன்னுச்சு. நான் வண்டி ஓட்டுறவன், எனக்கு எதுக்கு அதெல்லாம். ஆனா சந்தோசமாத்தான் இருந்துச்சு.

போர் போட்டா தண்ணி சோதனைன்னு ஒண்ணு உண்டு, அதுல பம்பை நடுவுல நிறுத்தக் கூடாது. எவ்வளவு எடுத்தா தண்ணி மட்டம் எவ்வளவு எறங்குதுன்னு பாக்கணுமாம். அதனால ஓடிக்கினே இருந்துச்சு. அப்புறம் ஒரு காலையில ஆபீசர் டம்ளர்ல புடிச்சு வாயில வச்சவர், துப்பிட்டாரு. என்கிட்டயும் குடுத்தாரு. லேசா உப்புக் கரிச்சுது. மத்தியானத்துக்குள்ள வாயிலயே வைக்க முடியல. பம்பை நிறுத்திட்டு ஊத்தாண்ட ஓடினோம். அதுவும் கரிச்சுது.

அவர் எனக்குப் பொறுமையா சொன்னாரு. மணலுக்குள்ள நல்ல தண்ணி மேலாப்புல மெல்லிசா நிக்குதாம், அதுக்குக் கீழ கடல் தண்ணியாம். நாம வேகமா உறிஞ்சவும் கீழ இருந்தது மேல ஏறிடுச்சாம்.

"எப்ப சார் சரியாவும்?"

"நல்ல மழை பேஞ்சா ஆகலாம்ப்பா. ஆகாமயும் போகலாம்."

என்ன மனுஷன்யா, அதையும் அதே தன்மையான குரல்ல சொல்றாரு. குப்பத்து ஜனம் எங்களை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம். பம்பை இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க, உப்பெல்லாம் வெளிய வந்துட்டா அப்புறம் நல்ல தண்ணி வந்துடும்னு கெஞ்சினாங்க. ஓட்ட ஓட்ட இன்னும் கெடும்னு நான் சொல்றேன், ஒருத்தரும் நம்பல. டீசல் செலவாவுதேன்னு நாங்க யோசிக்கிறதா நெனைச்சு, ஒரு கூடை எறாலைக் கொண்டாந்து டிரைலர் வாசல்ல வச்சுட்டுப் போனாங்க.

கேம்பைக் கலைக்கிற வரைக்கும் எங்களுக்குக் குடிக்கணுமேன்னு ஜீப்பை மட்டும் எடுத்துக்கினு போய் கும்மிடிப்பூண்டியிலேர்ந்து ஒரு டிரம்முல தண்ணி கொண்டாந்தேன். குப்பத்துக் கொழந்தைங்களுக்குக் குடுத்தது போவ அடியில கொஞ்சம் மிச்சம். அடுத்த டிரம் கொண்டாரதுக்குள்ள கெளம்பச் சொல்லி ஆர்டர் வந்துடுச்சு.

கெளம்புற அன்னிக்குக் காலையில டிரைலரை ஜீப்புல மாட்டிக்கினு இருந்தேன். அந்த அக்கா வந்து நின்னுச்சு. கையில தேச்சுப் பளபளன்னு இருந்த சொம்பு. அக்காவுக்குப் பின்னாடி, அதோட ஊட்டு வாசல்ல, தோள்ல துண்டு போட்ட ஒரு பெரியவர் உக்காந்து இருந்தாரு. வெயில்ல நடந்து வந்த களைப்பு மொகத்துல தெரிஞ்சுது. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

"ஒரு சொம்பு நைனா." அவ்வளவுதான் கேட்டுச்சு.

நான் இன்னா பண்ணியிருக்கணும்? தண்ணி இல்லைன்னு சொல்றதா? எங்களைத் தோள் குடுத்து இழுத்துக்கினு வந்த பொம்பளை, எங்களால ஊத்தைத் தொலைச்ச பொம்பளை. டிரம்மைச் சாய்ச்சு ரொப்பிக் குடுத்தேன். அந்தப் பெரியவர் அண்ணாந்து ஒரே மூச்சுல குடிச்சாரு. சொம்பை மெதுவா, பூ வைக்கிற மாதிரி கீழ வச்சாரு.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, எங்க நல்ல மனுஷன் இருக்காரே, அவர் பெரியவரைப் பாத்துட்டு, "கும்மிடிப்பூண்டி பக்கம்தானே போறீங்க, ஏறிக்கோங்க"ன்னுட்டாரு. வயசானவர் முன்னாடி உக்காரட்டும்னு தான் ஜீப்புல பின்னாடி போய் சாமானுங்களுக்கு நடுவுல சாஞ்சு கண்ணை மூடிட்டாரு. குப்பமே வந்து கட்டை போட்டு, கயித்தைப் புடிச்சு எங்களை மணலைத் தாண்டி வுட்டுச்சு. அந்த அக்கா கயித்தை வுட்டுட்டு என்னைப் பாத்துச்சு. நான் மொகத்தைத் திருப்பிக்கினேன்.

சவுக்குத் தோப்பு தாண்டினதும் பெரியவர் தானா ஆரம்பிச்சாரு.

"இடுப்புல கொடம் வச்சு வச்சு எம் பொண்ணு ஒரு பக்கமா சாஞ்சேதான் நடக்குதுப்பா. அவங்க அம்மா அப்படியே நடந்து அப்படியே போய்ச் சேந்துட்டா. இதையாவது நல்ல தண்ணி இருக்கிற எடத்துல குடுக்கணும்னு அலைஞ்சேன். இன்னிக்குத்தான் என் மனசு ஆறிச்சு. வைகாசியில முடிச்சுடலாம்னு சொல்லிட்டேன்."

உண்மையைச் சொன்னா அந்த அக்கா குடி கெடும். சொல்லலைன்னா இவர் பொண்ணு. பின்னாடி டிரைலர் கடமுடன்னு வந்துக்கினு இருக்குது. கண்ணாடியில பாத்தா ஆபீசர் நல்லாத் தூங்குறாரு. ஏதாவது சொல்லணும்னு வாயைத் தொறந்தேன். வந்தது இவ்வளவுதான்.

"நல்ல மழை பேஞ்சா தேவலாம் பெரியவரே."

அவர் வெளிய காயுற வெயிலைப் பாத்துட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு.

"மழை பேஞ்சா இன்னா, பேயாட்டி இன்னா? அதான் ஊத்து இருக்குதே."