தேதி எழுதிய ஹோஸ்

எங்கள் டிரெய்லரில் எந்த ஹோஸைத் தொட்டாலும், அதை மாட்டிய தேதி அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். அது என் வேலை. வண்டி அத்தானுக்கும் எனக்கும் பொது. அத்தான், என் அக்காவின் கணவர், ஓட்டுவார். பராமரிப்பு என் பொறுப்பு. கிரீஸ் அடித்தது, பல்பு மாற்றியது, ஆயில் ஊற்றியது எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்கும். பழைய நாட்குறிப்புகளை விரும்பிப் படிப்பவன் நான். மழை பெய்த நாளையும் கப்பல் வந்த நாளையும் விடாமல் எழுதி வைத்தவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

நெல் அறுக்கும் இயந்திரங்களையும் மண் அள்ளும் இயந்திரங்களையும் ஏற்றிப்போவதுதான் எங்கள் தொழில். அவை ஏறி இறங்க டிரெய்லரின் பின்னால் இரண்டு இரும்புப் பலகைகள் உண்டு, ரேம்ப் என்போம். ஒவ்வொன்றும் மூன்று ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். ஹைட்ராலிக் சிலிண்டர்தான் தூக்கும், ஆயிலை அதற்குக் கொண்டுபோவது ஹோஸ். நான் லீவரைப் பிடிப்பேன். அத்தான் பலகைக்கு அடியில் நின்று, சக்கரத்துக்கு வைத்த கட்டைகளை எடுத்தபடி, "தூக்கு, தூக்கு" என்று கை காட்டுவார். அங்கே நிற்கக் கூடாது என்று இரண்டொரு முறை சொல்லியிருக்கிறேன்.

"உன் நோட்டு இருக்கும்போது எனக்கென்ன மாப்ள?" என்பார்.

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சித்திரையில் இடதுபக்க ஹோஸைப் புதிதாக மாற்றினேன். இரண்டு வருஷம் தாங்கும் என்று கணக்கு. ஆடியில் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வாய்க்கால் வெட்ட ஓர் இயந்திரத்தைக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் வண்டி அங்கேயே உப்புச் சேற்றில் நின்றது. திரும்பி வந்ததும் கழுவினேன். நோட்டில் 'கழுவியது' என்று தேதி இருக்கிறது. மேல்தளத்தை மட்டும் கழுவினேன் என்பது நோட்டில் இல்லை.

ஆவணியில் பின்விளக்கு தகராறு செய்தது. பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. எர்த் சரியில்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். அடியில் படுத்துப் பார்த்தேன். எர்த் வயரைச் சட்டத்தோடு முடுக்கியிருந்த இடம் முழுக்கப் பச்சைப் பூஞ்சை மாதிரிப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி முடுக்கினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. 'எர்த் சுத்தம்' என்று எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளித்தான் இடது ஹோஸின் முனை. அதில் சித்திரைத் தேதி வெள்ளையாகத் தெரிந்தது. தேதியைப் பார்த்தேன், ஹோஸைப் பார்க்கவில்லை.

புரட்டாசி, ஒரு வியாழக்கிழமை காலை. சேரன்மகாதேவி தாண்டி ஒரு வயலில் கார் பருவ நெல் அறுப்பு. இயந்திரத்தை இறக்கிவிட்டோம். அத்தான் வழக்கம்போல் பலகைக்கு அடியில் நின்று கை காட்டினார். நான் லீவரை இழுத்தேன். பலகை பாதி உயரம் வந்தபோது அவர் கையை நிறுத்திவிட்டு வெற்றிலை துப்ப வரப்போரம் ஒதுங்கினார். அந்த நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். ஆயில் பீய்ச்சி அடித்தது. இடது பலகை விழுந்தது. அவர் நின்ற இடத்தில் இருந்த கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

வயல்காரர் ஓடிவந்தார். "அண்ணாச்சி, அடி பட்டுட்டா?"

அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் படல வே. வெத்திலைய விடு, விடுன்னு எம் பொண்டாட்டி நெதமும் சண்டை போடுதா. இனி போடட்டும், பாக்கலாம்."

வயல்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தான் பைய என் பக்கம் வந்தார்.

"அந்த ஹோஸு எப்பம் மாத்துனது?"

நோட்டைப் புரட்டாமலே சொன்னேன். "சித்திரை. ஆறு மாசங்கூட ஆவல அத்தான்."

"தேதி சரியாத்தான் இருக்கும் மாப்ள. அது ஹோஸுக்குத் தெரியணும்லா."

கீழே படுத்துப் பார்த்தேன். ரப்பர் புதிதாகவே இருந்தது. அதைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு முனைதான் உப்பில் அரித்து, விரலால் நிமிண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. எர்த்தில் பூத்ததும் இதே உப்புத்தான். விளக்கு ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. நான் அதைத் தேதி போட்டு எழுதி, நோட்டை மூடி வைத்திருக்கிறேன்.

அன்று மாலைக்குள் டவுனிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஹோஸ் வாங்கிவந்து மாட்டினேன். அடிச்சட்டம் முழுவதையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவினேன். எல்லா முனைகளையும் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தேன். பெயிண்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது. திறக்கவில்லை.

"தேதி போடலியா?" என்றார் அத்தான்.

"இன்னும் பாக்கேன் அத்தான்."

பிறகு லீவருக்குப் போனேன். அத்தான் பலகைக்கு அடிவரை வந்தார், ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் பத்தடி விலகி, வரப்போரம் போய்த் துப்புவதுபோல் குனிந்தார். அவர் வாயில் வெற்றிலை இல்லை. அங்கிருந்தே கையை உயர்த்தினார்.

"தூக்கு."