மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று ஐயர், அதாவது போதகர், சபை முன்னால் அறிவிப்பதுதான் அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் திருவனந்தபுரத்தில் ஐயராக இருந்தேன். நகரத்துக் கோயிலோடு, போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிவைத்த கல்கோயிலும் என் பொறுப்பு. காலையில் இங்கே ஆங்கில ஆராதனை. முடிந்ததும் பஸ் பிடித்து அங்கே போய்த் தமிழ் ஆராதனை.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கும் தம்பானூர் ஹோட்டலில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரன் ஒருவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. ஆங்கில ஆராதனைக்கு வரும் பெரிய வீட்டு மலையாளி ஒருவர், "இந்த மழையத்து எங்கோட்டா அச்சா? வீட்டுல அப்பமும் ஸ்டூவும் உண்டு, வரணும்" என்றார். போனேன். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழியை மழைமேல் போட்டுவிட்டு அப்பம் தின்றேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்த ஞாயிறு கல்யாணம். "மூணாவது ஓலைய டவுன் கோயில்ல வாசிச்சிட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன், பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். மணி அடிக்கும் கோயில்குட்டியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"போன ஞாயித்துக்கெழம கைப்புள்ளயோட ஒரு பொம்பள வந்துச்சு ஐயரே. வெளியூரு. ஐயர்கிட்டதான் பேசுவேன்னு சாயங்கால பஸ்சு வரைக்கும் கோயில்லயே உக்காந்திருந்துச்சு."

"ஏதாவது உதவி கேட்டு வந்திருக்கும், விடுங்க" என்றேன். உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள். கல்யாணத்தை நடத்தி வைத்தேன்.

ஆறு மாதத்தில் விஷயம் வெடித்தது. அவனுக்கு ஊரில் ஏற்கெனவே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அங்கேயே திரும்பிப் போய்விட்டான். கோயிலில் காத்திருந்தவள் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஐயோ, ஒரு பஸ் ஏறியிருந்தால் போதுமே!

தோட்டத்தில் பழி பெண்மேல்தான் விழுந்தது. தெரிந்தேதான் கட்டிக்கொண்டாள் என்றார்கள். அப்பாவே வீட்டில் சேர்க்கவில்லை. அவள் என்னைத் தேடி நகரத்துக்கு வந்தாள்.

"ஐயரே, மூணு ஓலையும் வாசிச்சீங்கள்ல. ஒருத்தரும் தட சொல்லலன்னு எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

குற்றம் என்னுடையது என்று சொல்லியிருந்தாலும் அவள் பழி தீர்ந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. வேலையும் மரியாதையும் போய்விடும் என்ற பயம். அந்த ஞாயிறே வெள்ளை அங்கியோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"மூணு ஓலையும் வாசிச்சேன். ஒருத்தரும் தடை சொல்லல" என்றேன்.

அப்பா அழுதுகொண்டே மகளை உள்ளே கூப்பிட்டார். கூட வந்திருந்த கோயில்குட்டியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லன்னா என் கதி என்னாயிருக்கும் ஐயரே!"

"எனக்கு எதுக்கும்மா? கர்த்தருக்கு நன்றி சொல்லு" என்றேன்.