அண்ணனுக்கு வைத்த ஒடியல்மா

1. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகக் கனடாவிலிருந்து அண்ணன் சொன்னார்.
2. அவர் கொண்டுபோக, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மாவும் வறுத்த அரிசிமாவும் கட்டி, பெட்டியை ஒட்டி, அவருடைய அறையில் வைத்தேன்.
3. லீவு இல்லை, தைப்பொங்கலுக்கு வருகிறேன் என்றார்.
4. பொங்கலுக்கும் வரவில்லை.
5. மாசியில் வீடு முழுக்க வண்டு.

பண்டத்தரிப்பில் இந்த வீட்டில் நான் மட்டும்தான். முதலில் சுவரில் நாலைந்து. பிறகு தலையணையில், தேநீர்க் கோப்பையில். அரிசிமணியை விடச் சிறிய, செம்மண் நிற வண்டுகள்.

எனக்கு அவற்றை நன்றாகத் தெரியும். விதைக் களஞ்சியத்தில் வண்டு பார்ப்பதுதான் என் வேலை. மாவுக்குள் இடும் முட்டை கண்ணுக்குத் தெரியாது. புழு மாவைத் தின்று வளரும், கூட்டுப்புழுவாகி அசையாமல் கிடக்கும், வண்டாகி வெளியே வரும். நம் வெயிலுக்கு ஒரு சுற்று முடிய ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மாதம் ஒருமுறை மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள், வெயிலில் காயவிடுங்கள் என்று நெல் விதைக்கும் கமக்காரருக்குச் சொல்பவள் நான். அந்தப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. அண்ணன் வந்து திறக்கட்டும் என்று இருந்தேன்.

மார்கழியில் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளிடம் ரொறன்ரோவுக்குப் போனார். பெட்டியைத் தான் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். பொங்கலுக்கு அண்ணனே வருகிறார் என்றேன். அக்கா படலையைத் திறந்தபடி சொன்னார்.

"வாறதெண்டால் ரிக்கெற் போட்டிருப்பாரே, பிள்ளை."

நான் பெட்டியைக் கொடுக்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை முற்றத்துக்கு இழுத்துச் சென்று வெட்டித் திறந்தேன். பைகளில் மா கட்டிபட்டு, புளித்த மணத்தோடு அசைந்துகொண்டிருந்தது. முட்டையைத் தவிர எல்லாப் பருவமும் கண்முன்னே இருந்தது. குழி வெட்டிப் புதைத்தேன். அறையைக் கழுவினேன். பிறகு அண்ணனை அழைத்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "வண்டுக்கு விசாவும் எடுத்து வைச்சிருந்தனியோ?"

நானும் சிரித்தேன். அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"இனிக் கட்டி வைக்காதை, பிள்ளை."

"ஓம், அண்ணை."

இப்போது அறை வெறுமையாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன். வளர்ந்த வண்டு ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால் தினமும் கூட்டுகிறேன். இன்று காலை இரண்டு அகப்பட்டன. அண்ணன் வரவில்லை.