வலம் போக வேண்டிய யானைகள்

ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை சொல்வதே பெரிய பாடு. அதனால், எங்கள் ஆபீஸ் பெண் 'ஸ்கில்' என்றால் என்ன என்று விளக்கியபோது, இது எனக்காகவே வந்தது போல இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஆரணியில் பட்டுப்புடவைத் தறிகளுக்கு அட்டை அடித்துத் தரும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. டிசைனர் வரைந்து தரும் படத்தைக் கம்ப்யூட்டர் ஓட்டைகளாகக் கணக்குப் போடும். மிஷின் அந்த ஓட்டைகளை அட்டையில் அடிக்கும். அடித்த அட்டைகளை வரிசை மாறாமல் கயிற்றில் கோர்ப்பது என் வேலை. தறியின் மேலிருக்கும் பெட்டியில் அந்த மாலை ஏறினால்தான் துணியில் பூ விழும்.

படத்தை ஓட்டையாக்கும் புரோகிராமை எழுதுவது அந்தப் பெண். அவளுக்கு உதவிக்கு ஒரு ஏஐ. முதலில் தினமும் காலையில் அதற்கு எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். "மறதிக்காரங்க வீட்ல வேலை பாக்கற மாதிரி ஒரே பேஜாருக்கா" என்பாள். பிறகு, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று பைலில் எழுதி வைக்க ஆரம்பித்தாள். அந்த வேலை வரும்போதெல்லாம் ஏஐ அந்தப் பைலைப் படித்து, அதில் உள்ளபடியே செய்யும். அதுதான் ஸ்கில்.

அட்டை ஸ்கில்லில் ஒரு விதி இருந்தது: படத்தை இடம் வலமாகத் திருப்பு. நாங்கள் அட்டை கொடுக்கும் தறிகளில் புடவையின் நல்ல பக்கம் கீழே, தரையைப் பார்த்து இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம்தான். அதனால் திருப்பி அடிக்க வேண்டும். பூவும் கட்டமுமாக ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு சிக்கலும் வரவில்லை. பூவுக்கு இடம் ஏது, வலம் ஏது?

அப்புறம் ஒரு கல்யாணப் புடவை வந்தது. முந்தியில் வரிசையாக யானைகள். பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யானைகள் வலப்பக்கமாகப் போக வேண்டும், சாமி வலம் வருவது போல. "இடப்பக்கம் போற யானையைக் கட்டிகினு எங்க பொண்ணு மணையில உக்காராது" என்று கல்யாணப் பெண்ணின் அம்மா சொல்லிவிட்டுப் போனார். அட்டைகளைக் கோர்த்து முள்ளிப்பட்டில் இருக்கும் நெசவாளருக்கு அனுப்பினோம்.

மறுநாள் காலை எங்கள் ஆபீஸ் பெண் இன்னொரு ஸ்கில் எழுதினாள். அட்டைக் கணக்கைக் கொடுத்தால், புடவையின் நல்ல பக்கம் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து காட்டும். யானை அட்டையைக் கொடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, இங்க வாங்க." குரல் சரியில்லை.

திரையில் யானைகள் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"படம் தப்பா, அட்டை தப்பா?" என்றேன்.

"தெரிலக்கா. ரெண்டும் ஏஐ செஞ்சதுதான். இதை நம்பித் தறிய நிறுத்தச் சொல்லி, கடைசில தப்பு இந்தப் படத்துல இருந்தா?"

அன்று காலைதான் முந்தி ஆரம்பிப்பதாக நெசவாளர் சொல்லியிருந்தார். போன் போட்டோம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்த நான் வழியெல்லாம் யானையின் காலையும் தும்பிக்கையையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் பிடிபடவில்லை.

முள்ளிப்பட்டில் தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா, போலீஸ் ரெய்டு மாதிரி வந்து நிக்கறீங்க?" என்றார் நெசவாளரின் மனைவி.

நெசவாளர் கையை நிறுத்தினார். முந்தி நாலு விரல் ஏறியிருந்தது. மேலே தெரிந்த பின்பக்கத்தில் ஜரிகை இழைகள்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அந்தப் பெண் தரையில் படுத்து, பாவு நூலுக்கு அடியில் போனை நீட்டிப் படம் எடுத்தாள். பார்த்தாள். உடனே, "ஐயோ, இது செல்பி கேமரா. படத்தையே திருப்பிடும்" என்று கேமராவை மாற்றிக்கொண்டு மறுபடி படுத்தாள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து எட்டிப் பார்த்தோம்.

இரண்டாவது படத்தில் தும்பிக்கை இடப்பக்கம் இருந்தது.

நெசவாளர் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். ஓரத்தில் நெய்திருந்த ஜரிகையை விரலால் மெல்லத் தடவினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"நான் எழுதன மாதிரிதான் திருப்பியிருக்கு. அப்ப எப்படி?" என்று அந்தப் பெண் தனக்குள் பேசிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒருவேளை டிசைனரே திருப்பிக் குடுத்தாரா? இல்ல இந்தத் தறி மட்டும் வேற மாதிரியா? அது தெரியாம மறுபடி அடிக்க முடியாதுக்கா. நான் கேட்டா அவரு பேச மாட்டாரு. நீங்க கேளுங்க."

ஏஐ வந்த நாளிலிருந்து டிசைனர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னோடு பேசுவார்தான், ஆனால் நானாக அவரிடம் எதையும் கேட்டதில்லை. இருந்தும் போனை எடுத்தேன்.

"அண்ணா, யானைப் படத்தைத் திருப்பிக் குடுத்தீங்களா, நேராக் குடுத்தீங்களா?"

"திருப்பித்தான். கிராஃப் பேப்பர்ல வரையற காலத்துலருந்து அப்படித்தானே குடுக்கறேன்? இதைக் கேக்கவா போன் போட்ட?"

"இங்கயும் திருப்பறாங்கண்ணா."

"யாரு?"

"ஸ்கில்லு."

"அப்ப ரெண்டு தடவை திரும்பி, நேராவே நின்னுடுச்சா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "இனிமே திருப்பாம அப்படியே அடிக்கச் சொல்லு. நான் குடுத்த படம் ஏற்கெனவே திரும்பித்தான் இருக்கு."

நெசவாளரும் மனைவியும் எதிரெதிரே குனிந்து, குறுக்கே போட்ட ஊடை நூலை இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பட்டு அறுந்துவிடக் கூடாது, ஜரிகை நசுங்கிவிடக் கூடாது. உதவிக்கு நீண்ட என் கையை நெசவாளரின் மனைவி பார்வையிலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்து, ஸ்கில்லில் புது வரி ஒன்றை எழுதி வாய்விட்டுப் படித்தாள்: "படம் ஏற்கெனவே திருப்பியதா என்று கேள். பதில் வராமல் மேலே போகாதே." பிறகு தலை தூக்கி, "யாரைக் கேக்கணும்னு போடட்டும்?" என்றாள்.

"இந்தக்காவைப் போடு" என்றார் அந்த அம்மா, கண்ணை இழையிலிருந்து எடுக்காமலே. "அதுதானே வாயத் தொறந்து கேட்டுச்சு."

வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவள் போட்டுவிட்டாள்.

ஆபீசுக்கு ஓடி, அட்டை அடித்து, கோர்த்து, மதியத்துக்கு மேல் திரும்பி வந்தோம். யானை வயிறு வரைக்கும் ஏறியதும் அந்தப் பெண் மறுபடி படுத்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்ட அந்த அம்மா, "போவுது! வலப்பக்கமாத்தான் போவுது!" என்றார்.

நெசவாளர் காலை மிதிகட்டையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "இப்ப மிதிக்கலாமா, இல்ல அதுக்கும் யாரையாவது கேக்கணுமா?"

"மிதிங்கண்ணா" என்றேன்.